சளி, ரத்தம், கல்ச்சர்: ஆய்வகத்தில் உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: மருத்துவ ஆய்வகப் படிப்பை முடித்து நுண்ணுயிரியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எச்.ஐ.வி. என்ற குறிப்புடன் வரும் ரத்தத்துக்கு மட்டும் இரட்டைக் கையுறை போடச் சொல்கிறார்கள். மற்றவற்றுக்கு ஒரு கையுறையும் முகக்கவசமும் போதும் என்கிறார்கள். இது சரியா? எதை உயிர்ப்பாதுகாப்புக் கேபினெட்டுக்குள் (காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் வேலைப்பெட்டி) செய்ய வேண்டும், எதை மேசை மேலேயே செய்யலாம்? மாதிரி சிந்தினால், ஊசி குத்தினால், பிறகு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

பதில்:

இரட்டைக் கையுறையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் ஆய்வகத்தில் இருக்கும் அந்தப் பழக்கம் பாதுகாப்பைக் கூட்டவில்லை, குறைக்கிறது. எச்.ஐ.வி. என்று எழுதி வரும் குழாய் யாரோ ஏற்கெனவே சோதித்துப் பார்த்த குழாய். இதுவரை யாரும் சோதிக்காத எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பி-யும் எந்தக் குறிப்பும் இல்லாத மற்ற குழாய்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. குறிப்பைப் பார்த்துக் கவனத்தைக் கூட்டுகிறவர், குறிப்பு இல்லாதபோது தன்னை அறியாமலே கவனத்தைக் குறைத்துவிடுகிறார். எந்த நோயாளியிடமிருந்து வந்தாலும் எல்லா ரத்தத்தையும் உடல் திரவத்தையும் தொற்று உள்ளதாகவே கருத வேண்டும் என்ற விதி 1980-களிலேயே வந்துவிட்டது. எல்லா மாதிரிக்கும் ஒரே ஒழுங்கு என்பதே அதன் சாரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்குத்தான். ஆனால் தொற்றுள்ள ரத்தம் படிந்த ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். அதே ஊசியில் ஹெபடைடிஸ் பி இருந்து, உங்களுக்குத் தடுப்பூசியும் போடாமல் இருந்தால், அந்த வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம். மேசையில் சிந்திக் காய்ந்துபோன ரத்தத்தில்கூட ஹெபடைடிஸ் பி வைரஸ் 7 நாட்கள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே வேலையில் சேர்ந்ததும் முதலில் கேட்க வேண்டியது தடுப்பூசியைத்தான், கையுறை அதற்குப் பிறகு. மூன்று தவணை போட்டால் மட்டும் போதாது. கடைசித் தவணை முடிந்து ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லி அலகுக்குக் குறைவாக இருந்தால் தடுப்பூசி உங்கள் உடலில் பிடிக்கவில்லை என்று பொருள், மறுபடி போட வேண்டும். போட்டுக்கொண்டவர்களில் பலர் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. ஆய்வக வேலையால் வந்த 3,921 தொற்றுகளை பைக் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் தொகுத்து 1976-ல் வெளியிட்டார். 'இந்த விபத்தால்தான் வந்தது' என்று சுட்டிக்காட்ட முடிந்தவை அவற்றில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்களின் விஷயத்தில் குழாய் உடைந்ததாகவோ ஊசி குத்தியதாகவோ எந்தத் தகவலும் இல்லை. வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களுக்கு நோய் வந்தது. இதற்குப் பெரும்பாலும் காரணம் காற்று என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். திரவத்தைக் குலுக்கும்போதும் ஊதும்போதும் சுழற்றும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் கிளம்புகின்றன. பெரிய துளிகள் உடனே மேசையிலும் கையுறையிலும் விழுந்துவிடும். 5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை காற்றில் மிதந்து, மூச்சோடு நுரையீரலின் அடி வரை போய்விடும். அவற்றைப் பார்க்கவோ உணரவோ முடியாது. அறுவை சிகிச்சை முகக்கவசமும் அவற்றைத் தடுக்காது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்த்த என்95 கவசம்தான் தடுக்கும்.

ஆகவே 'இந்த மாதிரி ஆபத்தானதா' என்பதோடு நிற்காமல், 'நான் இப்போது செய்யப்போகும் செயல் நுண்துளிகளைக் கிளப்புமா' என்றும் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பழகுங்கள். திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதி வெளியேற்றினால் குமிழி உடைந்து நுண்துளிகள் தெறிக்கும். முனையைக் குழாயின் சுவரில் சாய்த்து, திரவம் தானாக வழிந்து இறங்கும்படி விடுங்கள். வோர்டெக்ஸ் என்ற கருவியில் குழாயைக் குலுக்கியதும் மூடியைத் திறக்காமல் சில நிமிடம் நிறுத்தி வையுங்கள். சளியோ கல்ச்சரோ (ஆய்வகத்தில் வளர்த்த கிருமி) ஒட்டியிருக்கும் லூப்பை, அதாவது கிருமியை எடுக்கும் வளையக் கம்பியை, நேராகச் சுடரில் காட்டினால் அது வெடித்துத் தெறிக்கும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் லூப் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் என்று சத்தம் வரும்படி மூடியைத் திறப்பதும் வேண்டாம். கிருமிநாசினியில் நனைத்த பஞ்சுத்துணியால் மூடியைப் போர்த்தி மெதுவாகத் திருகுங்கள்.

குழாய்களை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் இந்த வரிசையில் தனியாகப் பேச வேண்டிய கருவி. உள்ளே ஒரு குழாய் விரிசல் விட்டால், அதிலிருக்கும் மாதிரி முழுவதையும் அது நுண்துளியாக்கிவிடும். குழாய்களை வைக்கும் வாளிகளில் ரப்பர் வளையமும் மூடியும் உள்ளவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும், அவற்றைக் கேபினெட்டுக்குள் வைத்துத்தான் நிரப்பவும் திறக்கவும் வேண்டும். ஓடும்போது சத்தம் மாறினாலோ உடைந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தாலோ மின்சாரத்தை அணைத்துவிட்டு 30 நிமிடம் மூடியைத் தொடாமல் விட வேண்டும். வேலை தேங்குகிறதே என்று அந்த அரை மணி நேரத்தை ஐந்து நிமிடமாகச் சுருக்கச் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எதை எங்கே செய்வது என்பதைக் காசநோயை வைத்து விளக்கினால் எளிதாகப் புரியும். சளியிலிருந்து நேரடியாக ஸ்மியர் எடுப்பதையும் (நுண்ணோக்கியில் பார்க்கக் கண்ணாடித் தகட்டில் பூசுவது), ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மரபணுச் சோதனைக் கருவியின் கார்ட்ரிட்ஜுக்காகச் சளியைத் தயாரிப்பதையும் நல்ல காற்றோட்டம் உள்ள மேசையிலேயே செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2012-ம் ஆண்டுக் காசநோய் ஆய்வகக் கையேடு சொல்கிறது. அதே சளியைக் கல்ச்சருக்காகப் பதப்படுத்திச் சுழற்றுகிறீர்கள் என்றால் கேபினெட் கட்டாயம். வளர்ந்துவிட்ட கல்ச்சரைத் திறந்து மருந்து எதிர்ப்புச் சோதனை செய்வதற்கு, கேபினெட்டோடு தனிக் காற்றோட்டம் கொண்ட தடுப்புக்கூடமே வேண்டும். மூன்றிலும் கிருமி ஒன்றுதான். மாறுவது அதன் அளவும் அதை நாம் படுத்தும் பாடும். ஸ்மியரில் கண்ணில் படவே ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 வரை கிருமிகள் தேவை. கல்ச்சரில் அவை கோடிக்கணக்கில் இருக்கும். நோய்த்தொற்றைத் தொடங்க நுரையீரலுக்குள் பத்துக்கும் குறைவான கிருமிகள் போனாலே போதும். உலக சுகாதார நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் கையேட்டின் நான்காம் பதிப்பு 2020-ல் வந்தபோது, 'இந்தக் கிருமிக்கு இந்த நிலை' என்ற இறுக்கமான அட்டவணையிலிருந்து விலகி, செய்யும் வேலையையும் செய்பவரையும் சேர்த்து ஆபத்தை மதிப்பிடும் முறைக்குப் போனதற்குக் காரணமும் இதுவே.

காற்றோட்டம் என்றால் எவ்வளவு? மணிக்கு 6 முறை அறையின் காற்று மாறினால், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற சுமார் 46 நிமிடம் ஆகும். 12 முறை மாறினால் 23 நிமிடம். மாதிரி சிந்திய அறையை விட்டு வெளியேறி, கதவை மூடிவிட்டுக் காத்திருக்கச் சொல்வதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். மின்விசிறியோ உங்களை நோக்கிக் காற்றை வீசும் குளிர்சாதனமோ இருந்தால் மேசை வேலையும் பாதுகாப்பானதல்ல. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து மாதிரியின் பக்கமாகப் போய் வெளியேற வேண்டும்.

கேபினெட் விஷயத்தில் ஒரு குழப்பம் பல ஆய்வகங்களில் இருக்கிறது, அது நிஜமாகவே ஆபத்தானது. லேமினார் ஃப்ளோ மேசையும் உயிர்ப்பாதுகாப்புக் கேபினெட்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். முதலாவது மாதிரியைத் தூசியிலிருந்து காப்பதற்காக வந்தது. அது வடிகட்டிய காற்றை மாதிரியின் மேல் வீசி, அப்படியே உங்கள் முகத்தின் பக்கமாகத் தள்ளும். அதில் தொற்று மாதிரியைத் திறப்பது திறந்த மேசையில் திறப்பதைவிட மோசம். இரண்டாம் வகுப்புக் கேபினெட்டோ உங்கள் பக்கமிருந்து நொடிக்கு சுமார் அரை மீட்டர் வேகத்தில் காற்றை உள்ளே இழுத்து, 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெபா வடிகட்டி வழியாக வெளியே அனுப்புகிறது. உங்கள் லேப்பில் இருப்பது எது என்று நாளைக்கே பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள். கடைசியாக எப்போது சோதித்துச் சான்று ஒட்டினார்கள் என்பதையும் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையும் இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் அது நடக்க வேண்டும்.

நொடிக்கு அரை மீட்டர் என்பது மெல்லிய காற்றுத் திரை. உங்கள் கை வேகமாக வெளியே வந்தாலே அது கிழிந்துவிடும். யாராவது பின்னால் விரைந்து நடந்தாலும், கதவு படாரென்று திறந்தாலும் கிழியும். அதனால் தேவையான எல்லாவற்றையும் முன்கூட்டியே உள்ளே எடுத்து வைத்து, 5 நிமிடம் ஓடவிட்டு, கையை உள்ளே நுழைத்ததும் ஒரு நிமிடம் அசையாமல் இருந்து, பிறகு தொடங்குங்கள். முன்பக்கத் துளைத்தட்டின் மேல் நோட்டையோ கையையோ வைக்காதீர்கள். காற்று உள்ளே போகும் வழியே அதுதான். பர்னர் வேண்டாம், அதன் வெப்பம் காற்றோட்டத்தைக் குலைக்கும். சுத்தமான பொருட்கள் ஒரு பக்கம், கழிவு மறுபக்கம், வேலை எப்போதும் சுத்தத்திலிருந்து அசுத்தத்தை நோக்கியே நகர வேண்டும்.

கிருமி வளர்ந்த பிளேட்டுகளை, அதாவது கல்ச்சர் தட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அனுபவசாலிகளுக்கும் நோய் வந்தது பெரும்பாலும் இங்கேதான். வாசனையை வைத்தே கிருமியை அடையாளம் சொல்லும் திறமையை ஒரு காலத்தில் பெருமையாக நினைத்தார்கள். பிளேட்டை முகர்ந்து பார்ப்பதை இன்றும் சிலர் கற்றுக்கொடுக்கிறார்கள். மூத்தவர் சொன்னாலும் செய்யாதீர்கள். 1985 முதல் 2001 வரை உலகெங்கும் நடந்த, ஆய்வகத்தில் வந்திருக்கக்கூடிய மெனிஞ்சோகாக்கஸ் (மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி) தொற்றுகள் 16 ஒரே ஆய்வில் தொகுக்கப்பட்டன. அவர்களில் 8 பேர் இறந்துபோனார்கள். கால்நடைகளிடமிருந்து மனிதருக்கு வரும் புருசெல்லா என்ற பாக்டீரியாவின் கதை வேறு. அது அவ்வளவாகக் கொல்லாது, ஆனால் ஆய்வகத்தில் தொற்றும் பாக்டீரியாக்களில் முன்னணியில் இருப்பது அதுதான். மூச்சு வழியே 10 முதல் 100 கிருமிகள் போனாலே போதும். ரத்தக் கல்ச்சர் பாட்டில் தாமதமாகப் பாசிட்டிவ் ஆகி, கிராம் ஸ்டெயின் என்ற சாயச் சோதனையில் மிகச் சிறிய, வெளிறிய, மணல் தூவினாற்போன்ற கிராம் நெகட்டிவ் கோக்கோபாசில்லை (குட்டையான கோல் வடிவக் கிருமிகள்) தெரிந்தால், அந்த நொடியில் மேசை வேலையை நிறுத்துங்கள். பிளேட்டைச் சுற்றி டேப் ஒட்டிக் கேபினெட்டுக்குள் கொண்டுபோங்கள். தானியங்கி அடையாளக் கருவியில் போடாதீர்கள். சில கருவிகள் அதை மொராக்செல்லா போன்ற சாதுவான கிருமி என்று தவறாகச் சொல்லியிருக்கின்றன, அந்தப் பதிலை நம்பி எல்லோரும் திறந்த மேசையில் மேலும் இரண்டு மூன்று நாள் அதைக் கையாண்டிருக்கிறார்கள். கடைசியில் புருசெல்லா என்று உறுதியானால், மருத்துவர் மதிப்பீட்டின்படி மூன்று வாரத் தடுப்பு மருந்தும், 24 வாரம் வரை ரத்தப் பரிசோதனைக் கண்காணிப்பும் தேவைப்படலாம். விண்ணப்பத் தாளில் 'பல நாள் காய்ச்சல், கால்நடைத் தொடர்பு' என்று மருத்துவர் ஒரு வரி எழுதியிருந்தால் இவை எல்லாமே தவிர்ந்திருக்கும். அந்த வரியை எழுதச் சொல்லிக் கேட்பது ஆய்வகத்தின் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

'இது செத்துப்போன மாதிரி' என்று யாராவது தந்தால் எப்படிச் சாகடித்தார்கள், அதைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். 2004-ல் பெய்ஜிங்கில் சரியாகச் செயலிழக்காத சார்ஸ் வைரஸைப் பாதுகாப்புக் குறைந்த கூடத்தில் கையாண்டதால் பரவிய தொற்றில் 9 பேர் பாதிக்கப்பட்டார்கள். ஆய்வகத்தில் வேலை பார்த்த மாணவியின் தாய் இறந்தார். 2014-ல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்திலேயே ஆந்த்ராக்ஸ் முழுமையாகச் செயலிழந்ததா என்று உறுதி செய்யாமல் வேறு கூடங்களுக்கு அனுப்பி, சுமார் 75 பேரைக் கண்காணிக்க வேண்டியதாயிற்று. நல்லவேளையாக யாருக்கும் நோய் வரவில்லை.

மாதிரி சிந்தினால்: சத்தமாகச் சொல்லி எல்லோரையும் வெளியேற்றுங்கள். கதவை மூடி அரை மணி நேரம் காத்திருங்கள். மேலங்கி, கையுறை, கண்ணாடி, தேவைப்பட்டால் என்95 அணிந்து திரும்பி வந்து, சிந்திய இடத்தைத் தாள் துண்டால் மூடி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஹைப்போகுளோரைட் (பிளீச்) கரைசலை ஊற்றுங்கள். 5 சதவீத பிளீச்சில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.5 சதவீதம் கிடைக்கும். 10 முதல் 30 நிமிடம் ஊறட்டும். கண்ணாடித் துண்டை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும், நேற்றையது இன்று பலமிழந்திருக்கும். ரத்தமும் சளியும் குளோரினை உறிஞ்சிவிடுவதால், அழுக்கு அதிகமானால் அடர்த்தியும் அதிகம் வேண்டும். எங்கும் தவறாமல் எழுதி ஒட்ட வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கும் கிட்களில் இருக்கும் குவானிடின் உப்புக் கரைசலோடு பிளீச் சேர்ந்தால் நச்சு வாயு வரும். அமிலத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்தாலும் அப்படியே. மூலக்கூறுப் பரிசோதனைப் பிரிவில் சிந்தியதைத் துடைக்கும் முன் அந்த பாட்டிலில் என்ன இருந்தது என்று பார்த்துவிடுங்கள். 70 சதவீத ஆல்கஹால் மேற்பரப்பைத் துடைக்க நல்லது, ஆனால் ஸ்போர்களை (சில பாக்டீரியாக்களின் கடினமான உறங்குநிலை வடிவம்) அது ஒன்றும் செய்யாது.

நீராவியால் கழிவிலுள்ள கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவைப் பற்றிச் சுருக்கமாக: பையில் ஒட்டும் டேப்பில் கோடு கறுத்தால் வெப்பம் பட்டது என்று மட்டுமே பொருள். இறுக்கிக் கட்டிய பைக்குள் நீராவி நுழையாது, நடுவில் இருப்பது உயிரோடே வெளியே வரும். ஸ்போர் உள்ள உயிரியல் குறிகாட்டியைச் சுமையின் நடுவில் வைத்துக் குறித்த இடைவெளியில் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

ஊசி குத்தினால் காயத்தைப் பிதுக்காதீர்கள், பிளீச் ஊற்றாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் தண்ணீரால் நிறையக் கழுவுங்கள். அடுத்து நேரே பொறுப்பாளரிடம் போங்கள், ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை என்றே கருதுகிறார்கள். தொடங்கினால் 28 நாட்கள் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியும் இல்லை, குத்தியபின் தரும் தடுப்பு மருந்தும் இல்லை, ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். அதனால் அன்றைய ரத்தத்தை எடுத்து வைப்பதும் குறித்த நாட்களில் திரும்பப் பரிசோதிப்பதும் அவசியம். ஊசிக்கு மூடி போடுவதை நிறுத்திவிட்டு, ஊசிப்பெட்டியை முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றினாலே இந்த விபத்துகளில் பெரும்பகுதி நடக்காது.

கிருமி வீட்டுக்குப் போகும் வழி கையும் கையில் இருக்கும் பொருளும். 2011-ல் அமெரிக்காவில் ஆய்வகங்களோடும் கல்லூரிப் பயிற்சிக்கூடங்களோடும் தொடர்புள்ள ஒரு சால்மோனெல்லா பரவலில் 109 பேர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். ஆய்வகப் பக்கமே போகாத குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் அங்கே வேலை பார்த்தவர்களின் வீட்டுக் குழந்தைகள். நோட்டு, பேனா, கைபேசி, மேலங்கி: உள்ளே பயன்படுத்துவது உள்ளேயே இருக்கட்டும். கையுறையோடு கைபேசியைத் தொட்டவர் வெளியே வந்து கையைக் கழுவினாலும், அந்தக் கைபேசி கழுவப்படவில்லை.

கடைசியாகக் காய்ச்சல். 2003 டிசம்பரில் தைவானில் ஓர் ஆராய்ச்சியாளர் உயர்பாதுகாப்புக் கூடத்தில் சிந்திய கழிவைச் சுத்தம் செய்தபோது சார்ஸ் தொற்றியது. காய்ச்சல் வந்த பிறகும் சில நாள் அவர் மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். 2009-ல் சிகாகோவில் பலவீனப்படுத்தப்பட்ட பிளேக் கிருமியோடு வேலை பார்த்த ஒரு விஞ்ஞானி இறந்தார். ஆரோக்கியமானவர்களுக்கு ஆபத்தில்லை என்று கருதப்பட்ட ரகம் அது. உடலில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரைக் குறைபாடு அவருக்கு இருந்தது இறந்த பிறகே தெரிய வந்தது. நீரிழிவு, கர்ப்பம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்று உங்கள் உடல்நிலையில் ஏதாவது இருந்தால் ஆய்வகத்தின் தொழில்சார் மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள், எந்த வேலையை மாற்றிக்கொள்வது என்று அவர் முடிவு செய்யட்டும். காரணம் தெரியாத காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் போய், 'நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், கடந்த சில வாரங்களில் இன்னின்ன கிருமிகளைக் கையாண்டேன்' என்று அவர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். புருசெல்லா ஆறு மாதம் கழித்தும் வரலாம் என்பதால், பழைய பணிப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.